ஏஐ ஏஜென்டிடம் வேலையை ஒப்படைக்கும் முன்: புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

"நாளை இரவு மதுரைக்கு என்னென்ன பஸ் இருக்கிறது?" என்று சாட்பாட்டிடம் கேட்டால் பட்டியல் தரும். ஏஜென்டிடம் கேட்டால் பிரவுசரைத் திறக்கும், பஸ்ஸைத் தேடும், சீட்டைத் தேர்ந்தெடுக்கும், பயணியின் பெயரையும் வயதையும் நிரப்பும், பணம் கட்டும் பக்கத்தில் போய் நிற்கும். விட்டால் பணத்தையும் கட்டிவிடும். சாட்பாட் தப்பாகச் சொன்னால் படித்துவிட்டு ஒதுக்கிவிடலாம். ஏஜென்ட் தப்பாகச் செய்தால் மெயில் போயிருக்கும், ஃபைல் அழிந்திருக்கும், பணம் கைமாறியிருக்கும்.

அதனால் ஏஜென்டைப் பயன்படுத்தப் பழகுவது என்றால் முதலில் அனுமதி கொடுக்கப் பழகுவதுதான். நன்றாக எழுதிய ப்ராம்ப்ட் (நீங்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளை) வேலையின் தரத்தைக் கூட்டும். ஆனால் ஆபத்தின் அளவைத் தீர்மானிப்பது, நீங்கள் எதைத் திறந்து விட்டிருக்கிறீர்கள் என்பதுதான்.

உள்ளே என்னதான் நடக்கிறது

ஏஜென்டில் மூன்று பாகங்கள் உண்டு. முதலாவது, யோசித்து எழுதும் மொழி மாடல். இரண்டாவது, டூல்கள்: ஃபைலைத் திறப்பது, இணையத்தில் தேடுவது, மெயில் அனுப்புவது, பட்டனை அழுத்துவது ஆகியவை. மூன்றாவது, இவை இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டும் ஒரு சாதாரண நிரல். வேலையைச் சொன்னதும் மாடல் "அடுத்து இந்த ஃபைலைத் திற" என்று எழுதும். நிரல் அதைத் திறந்து, உள்ளே இருப்பதை மாடலிடம் திருப்பிக் கொடுக்கும். அதைப் படித்துவிட்டு மாடல் அடுத்த அடியை எழுதும். வேலை முடிந்தது என்று மாடலுக்குத் தோன்றும் வரை சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். யோசி, செய், விளைவைப் பார், மறுபடி யோசி என்ற இந்த முறையை 2022-இல் வந்த ரீஆக்ட் ஆய்வுக்கட்டுரை தெளிவாக வகுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு, மெயில், டிரைவ், காலண்டர் போன்றவற்றை ஏஜென்டோடு இணைப்பது இன்னும் சுலபமானது.

இந்த அமைப்பிலேயே இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன.

ஒன்று, பிழை பெருகுவது. ஒவ்வொரு அடியும் 95 சதவீதம் சரியாக அமையும் என்று வைத்துக்கொள்வோம். 10 அடி உள்ள வேலை முழுக்கச் சரியாக முடிய 60 சதவீத வாய்ப்புதான். 20 அடி என்றால் 36 சதவீதம். மூன்றாவது அடியில் தேதியைத் தப்பாகப் படித்தால், மீதி 17 அடியும் அந்தத் தப்பின் மேலேயே கட்டப்படும். நீண்ட வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இரண்டாவது பலவீனம் இன்னும் ஆழமானது. நீங்கள் எழுதிய கட்டளையும், ஏஜென்ட் திறந்த வெப்சைட்டில் யாரோ எழுதிய வரியும், வந்த மெயிலின் உள்ளடக்கமும் மாடலிடம் ஒரே எழுத்தோட்டமாகத்தான் போய்ச் சேர்கின்றன. "இது முதலாளி சொன்னது, இது வழியில் படித்தது" என்று பிரித்துப் பார்க்க மாடலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் அது உறுதியான சுவர் அல்ல. வெப்சைட்டிலோ மெயிலிலோ கட்டளையை ஒளித்து வைத்து ஏஜென்டைத் திசைதிருப்புவதற்கு ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயர். 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் இந்தப் பெயரை வைத்தார். இன்றுவரை அதற்கு முழுத் தீர்வு இல்லை.

எப்படி நடக்கும் என்பதற்கு 2025 ஆகஸ்டில், பிரவுசர் தயாரிக்கும் பிரேவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்முறையே போதும். பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஏஐ நிறுவனத்தின், ஏஜென்ட் உள்ளேயே இருக்கும் காமெட் பிரவுசரில் ஒரு ரெடிட் பக்கத்தைத் திறந்து, சுருக்கம் சொல்லும்படி கேட்டார்கள். அந்தப் பக்கத்தின் கமென்ட் ஒன்றில் கட்டளைகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. ஏஜென்ட் அவற்றை நம்பி, பயனரின் மெயில் முகவரியை எடுத்தது, ஓடிபி வரவழைத்தது, லாகின் ஆகியிருந்த ஜிமெயிலைத் திறந்து அந்த ஓடிபியைப் படித்தது, இரண்டையும் அதே பக்கத்தில் பதிலாகப் போட்டது. பயனர் செய்தது ஒரே ஒரு வேலை: "சுருக்கமாகச் சொல்."

வில்லிசன் 2025 ஜூனில் எழுதிய ஒரு சோதனை புதியவர்களுக்கு மிகவும் உதவும். மூன்று கேள்விகள். உங்கள் தனிப்பட்ட தகவலை ஏஜென்ட் பார்க்க முடியுமா? வெளியாட்கள் எழுதியதை அது படிக்குமா? வெளியே எதையாவது அனுப்ப அதற்கு வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ஒரே நேரத்தில் "ஆமாம்" என்று பதில் வந்தால் தகவல் திருட்டுக்குப் பாதை திறந்தே இருக்கிறது. ஏதாவது ஒன்றை மூடினால் அந்தப் பாதை அடைபடும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை மூடும் வேலையே.

"செய்யாதே" என்று சொன்னால் போதாதா?

போதாது. 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர் ரெப்லிட் தளத்தின் ஏஜென்டை வைத்து ஒரு செயலி கட்டிக்கொண்டிருந்தார். எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், ஏஜென்ட் நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. ஆனால் மீட்க முடிந்தது. அந்த நிறுவனம் பிறகு செய்த திருத்தத்தைக் கவனியுங்கள்: சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைத்தது. ஏஜென்டுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்லி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கை எட்டாத இடத்தில் பொருளை வைத்தார்கள்.

தடைக் கட்டளை மறந்துபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாடல் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் எழுத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. வேலை நீளும்போது பல ஏஜென்ட்கள் பழைய உரையாடலைச் சுருக்கிக்கொள்ளும். "என்னைக் கேட்காமல் அழிக்காதே" என்று நீங்கள் தொடக்கத்தில் எழுதியது அந்தச் சுருக்கத்தில் விடுபட்டுப் போகலாம். அழிக்கும் அனுமதியே கொடுக்காமல் இருந்தால் அது விடுபட்டாலும் கவலை இல்லை.

முதல் வேலை: 20 பில், ஒரு ஷீட்

மெயிலையும் பேங்க்கையும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். பழகுவதற்கான வேலைக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: கெட்டுப்போனால் திரும்பச் செய்யலாம், சரியா தப்பா என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியும், வெளியே எதுவும் போகத் தேவையில்லை. சிறு கடை வைத்திருப்பவர்கள் சப்ளையர் பில்களை ஷீட்டில் ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். அதில் தப்பைக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

படி 1. புதிய ஃபோல்டர் ஒன்று திறந்து "பில்-நகல்" என்று பெயர் வையுங்கள். 20 பிடிஎஃப்களை அதில் காப்பி செய்யுங்கள். கட் செய்து ஒட்ட வேண்டாம். அசல் ஃபைல்கள் ஏஜென்ட் பார்க்க முடியாத இடத்தில் இருக்கட்டும். டெஸ்க்டாப் முழுவதையோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ காட்டிவிடாதீர்கள். அங்கே ஆதார் நகல், பாஸ்புக் ஃபோட்டோ, பாஸ்வேர்ட் எழுதிய நோட்பேட் எல்லாம் கிடக்கும்.

படி 2. செயலியின் செட்டிங்ஸில் இரண்டைப் பாருங்கள். உங்கள் உரையாடலை மாடல் பயிற்சிக்குப் பயன்படுத்தும் வசதி இருந்தால் அணைத்து விடுங்கள். ஏற்கெனவே இணைத்து வைத்த மெயில், டிரைவ் போன்றவை இருந்தால் இந்த வேலைக்கு அவற்றைத் துண்டித்து வையுங்கள். பில்லில் சப்ளையரின் பேங்க் கணக்கு எண்ணும் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அது உங்கள் தகவல் மட்டும் அல்ல.

படி 3. வேலையை எழுதுங்கள். மாதிரிக்கு:

"பில்-நகல் ஃபோல்டரில் உள்ள 20 பிடிஎஃப்களை மட்டும் படி. ஒரு பில்லுக்கு ஒரு வரிசை. கட்டங்கள்: ஃபைல் பெயர், சப்ளையர் பெயர், ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரிக்கு முந்தைய தொகை, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி, ரவுண்ட் ஆஃப், மொத்தம், குறிப்பு. தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று எழுது. படிக்க முடியாத இடத்தில் 'தெளிவில்லை' என்று போடு, ஊகித்து நிரப்பாதே. கூட்டிப் பார்த்து மொத்தம் ஒத்துவராத பில்லைத் திருத்தாதே, குறிப்பில் எழுது. எந்த ஃபைலையும் நகர்த்தாதே, பெயர் மாற்றாதே, அழிக்காதே. இணையத்தைத் திறக்காதே. முதலில் 3 பில் மட்டும் செய்து காட்டிவிட்டு நில்."

இதில் மிக முக்கியமான வரி "தெளிவில்லை என்று போடு" என்பதுதான். காலிக் கட்டத்தை நிரப்பும் பழக்கம் மாடலுக்கு இயல்பிலேயே உண்டு. "தெரியவில்லை" என்று சொல்ல ஒரு வழியை நாமே கொடுக்காவிட்டால், மங்கலான ஸ்கேனில் இருக்கும் பில் எண்ணுக்கு நம்பும்படியான ஓர் எண்ணைப் போட்டு வைக்கும்.

படி 4. திட்டத்தைக் கேளுங்கள். "தொடங்கும் முன் என்ன செய்யப் போகிறாய் என்று வரிசையாகச் சொல்" என்று கேட்டால் போதும். சில ஏஜென்ட்களில் இதற்குத் தனி முறையே உண்டு. அதில் படிக்க மட்டும் முடியும், எதையும் மாற்ற முடியாது. திட்டத்தில் நீங்கள் கேட்காத ஏதாவது இருந்தால், உதாரணமாக "ஃபைல்களுக்குச் சீரான பெயர் வைப்பேன்" என்று வந்தால், அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

படி 5. ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி கேட்கும்படி விடுங்கள். நான்கைந்து முறை கேட்டதும் "இனி எப்போதும் அனுமதி" பட்டனை அழுத்தக் கை போகும். படிக்கும் செயலுக்கு அழுத்தலாம். எழுதுவதற்கு அந்த ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் என்றால் அழுத்தலாம். அழிப்பதற்கும், கம்ப்யூட்டரில் கட்டளை ஓட்டுவதற்கும், வெளியே அனுப்புவதற்கும் ஒருபோதும் அழுத்தாதீர்கள். எதற்கு அனுமதி கேட்கிறது என்று படிக்காமலே "சரி" என்று அழுத்துகிறீர்கள் என்றால் அனுமதி கேட்பதற்கே அர்த்தம் இல்லை. அப்போது வேலையைச் சின்னதாக்குங்கள்.

படி 6. முதல் 3 பில்லை அசலோடு வைத்து எல்லாக் கட்டங்களையும் ஒப்பிடுங்கள். சரி என்றால் மீதி 17-ஐச் செய்யச் சொல்லுங்கள்.

படி 7. முடிந்ததும் சரிபார்ப்பு. இதை ஏஜென்டிடமே கேட்காதீர்கள். ஷீட்டின் சூத்திரத்தால் செய்யுங்கள், ஏனென்றால் சூத்திரம் ஊகிக்காது.

வரிசைகள் 20 இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள். திறக்க முடியாத பிடிஎஃப்பைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டு "எல்லாம் முடிந்தது" என்று சொல்வது ஏஜென்ட்கள் அடிக்கடி செய்யும் தப்பு. அடுத்து, வரிக்கு முந்தைய தொகையோடு வரிகளையும் ரவுண்ட் ஆஃபையும் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப்பாருங்கள். பில்லில் செஸ் என்ற கூடுதல் வரி இருந்தால் அதற்கும் ஒரு கட்டம் வேண்டும். சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சமமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைக்குத் தமிழ்நாட்டு சப்ளையர் தந்த பில்லில் பொதுவாக இவை இரண்டும், வெளிமாநில பில்லில் ஐஜிஎஸ்டியும் வரும். மூன்றும் ஒரே பில்லுக்கு நிரம்பியிருந்தால் அசலைத் திறந்து பாருங்கள். ஜிஎஸ்டி எண் 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. மங்கலான ஸ்கேனில் ஆங்கில ஓ எழுத்தையும் சைபரையும் மாற்றிப் படித்திருந்தால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இலக்கம் வந்து நிற்பதால் உடனே தெரிந்துவிடும்.

தேதி தனி வம்பு. 05-04 என்பது ஏப்ரல் 5 என்று நமக்குத் தெரியும். அமெரிக்க முறைப்படி அது மே 4. இந்தத் தப்பு ஜிஎஸ்டி மாதத்தையே மாற்றிவிடும். நாள் 12-க்குள் இருக்கும் பில்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் போதும். 13 முதல் இந்தக் குழப்பம் வராது. கடைசியாக, சிஎஸ்வி ஃபைலை எக்செலில் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிந்தால் ஏஜென்ட் தப்பு செய்துவிட்டது என்று பதற வேண்டாம். எக்செலின் டேட்டா மெனு வழியாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள், அல்லது எக்செல் ஃபைலாகவே கேட்டு வாங்குங்கள்.

மெயிலை இணைக்கும்போது

மெயில் பெட்டியை வெறும் கடிதக் கட்டாக நினைக்கக் கூடாது. உங்கள் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க்குகள் வந்து சேரும் இடம் அது. அதோடு, உலகில் யார் வேண்டுமானாலும் அதற்குள் எழுத்தைப் போட முடியும். மேலே சொன்ன மூன்று கேள்விகளில் இரண்டுக்கு மெயிலை இணைத்த உடனேயே "ஆமாம்" ஆகிவிடுகிறது. அனுப்பும் அனுமதியும் சேர்ந்தால் மூன்றும் நிறைந்துவிடும்.

இங்கே பலருக்கும் தெரியாத நுணுக்கம் ஒன்று. "டிராஃப்ட் மட்டும் எழுதட்டும், நானே அனுப்பிக்கொள்கிறேன்" என்று நினைத்து டிராஃப்ட் அனுமதி கொடுப்போம். ஜிமெயிலில் டிராஃப்ட்டைக் கையாளும் அனுமதியும் அனுப்பும் அனுமதியும் ஒரே தொகுப்பாகவே வருகின்றன. அனுமதி கேட்கும் திரையில் இரண்டும் ஒரே வரியில் இருக்கும், நிதானமாகப் படியுங்கள். உண்மையிலேயே அனுப்பக் கூடாது என்றால் படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்து, பதிலை உரையாடலில் எழுதச் சொல்லி நீங்களே காப்பி செய்து ஒட்டுங்கள். அதைவிட நல்ல வழி, வேலைக்கென்று தனி மெயில் கணக்கு ஒன்றைத் திறந்து, தேவையான மெயில்களை மட்டும் அதற்கு ஃபார்வர்ட் செய்வது.

பிரவுசரை ஓட்டும் ஏஜென்ட்

நீங்கள் லாகின் ஆகியிருக்கும் பிரவுசரில் ஏஜென்டை ஓட்டினால், அந்த நேரத்தில் அது நீங்கள்தான். வெப்சைட்டுக்கு வித்தியாசம் தெரியாது. குரோமில் ஏஜென்டுக்கென்று தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். அதில் சிங்க் வேண்டாம், சேமித்த பாஸ்வேர்ட் வேண்டாம், சேமித்த கார்டு வேண்டாம். வேலைக்குத் தேவையான ஒரே தளத்தில் மட்டும் லாகின் ஆகி, முடிந்ததும் லாகவுட் செய்யுங்கள். பேங்க் தளம் அந்தப் புரொஃபைலில் ஒருபோதும் திறக்கப்பட வேண்டாம்.

பணம் கட்டும் பக்கத்தில் ஏஜென்ட் நிற்க வேண்டும், அங்கிருந்து நீங்கள். யுபிஐ பின், ஓடிபி, கார்டின் சிவிவி எதையும் உரையாடலில் டைப் செய்யாதீர்கள். கட்டும் முன் நான்கைப் பாருங்கள்: எண்ணிக்கை, தேதி, முகவரி, மொத்தத் தொகை. தளம் பழைய முகவரியை நினைவில் வைத்து நிரப்பியிருக்கும். ஏஜென்டுக்கு அது பழையது என்று தெரியாது. பயணக் காப்பீடு போல முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட சேர்க்கைகளையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும்.

புதிய டூல்களைச் சேர்க்கும்போது

இலவசமாகக் கிடைக்கிறது என்று கண்ட எம்சிபி சர்வரையும் (எம்சிபி நெறிமுறை வழியே ஏஜென்டுக்கு டூல் தரும் நிரல்) எக்ஸ்டென்ஷனையும் சேர்க்காதீர்கள். கம்ப்யூட்டரில் நிறுவும் சர்வர் உங்கள் பெயரில், உங்கள் அனுமதியோடு ஓடும் ஒரு நிரல். அதன் விளக்கக் குறிப்பையும் மாடல் படிக்கும் என்பதால், அந்தக் குறிப்புக்குள்ளேயே தீய கட்டளையை ஒளித்து வைக்க முடியும். மெயிலுக்கு மெயில் நிறுவனமே வெளியிட்ட இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிரல் எழுதுவோர் ஒவ்வொரு வேலைக்கும் முன் கிட்டில் ஒரு கமிட் போட்டுவிடுங்கள், அதை வெளி ரெப்போவுக்கும் அனுப்பிவிடுங்கள். நிஜ சர்வரின் கீ இருக்கும் ஃபைலை ஏஜென்ட் வேலை செய்யும் ஃபோல்டரில் வைக்காதீர்கள். அனுமதி கேட்பதையே மொத்தமாக அணைக்கும் முறையை, தூக்கி எறியக்கூடிய கன்டெய்னருக்குள் மட்டும் பயன்படுத்துங்கள்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. ஏபிஐ கீ (பயன்படுத்தும் அளவுக்குப் பணம் கட்டும் கணக்கின் ரகசியச் சாவி) போட்டு ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய உரையாடல் முழுவதும் மறுபடி மாடலுக்குப் போகும், அதற்குப் பணம் உண்டு. அதே விஷயத்தைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் துண்டு) ஆகும். வழி தெரியாமல் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஏஜென்ட் இரவெல்லாம் ஓடிவிடக்கூடும். கணக்கில் செலவு வரம்பு வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முன்பணம் கட்டும் முறை இருந்தால் தானாக ரீசார்ஜ் ஆவதை அணைத்து வையுங்கள்.

ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்தால்

வரிசை முக்கியம். முதலில் ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். டேபை மூடினால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பல ஏஜென்ட்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில் ஓடுகின்றன, நீங்கள் லேப்டாப்பை மூடினாலும் ஓடும். இரண்டாவதாக, அனுமதியை அறுங்கள்: கூகுள் கணக்கு என்றால் பாதுகாப்புப் பகுதியில் மூன்றாம் தரப்பு இணைப்புகளைத் திறந்து அந்தச் செயலியை நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலே எல்லா இணைப்பும் அறுந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லா சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். ஏபிஐ கீ இருந்தால் ரத்து செய்து புதிது எடுங்கள்.

பிறகு சேதத்தைப் பாருங்கள். மெயிலில் அனுப்பியவை, குப்பைப் பெட்டி, அதோடு ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும். புதிதாக ஒரு ஃபார்வர்டிங் முகவரி சேர்ந்திருந்தால் நீங்கள் அனுமதியை அறுத்த பிறகும் மெயில்கள் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஜிமெயிலிலும் கூகுள் டிரைவிலும் அழிந்தவை குப்பைப் பெட்டியில் 30 நாள் இருக்கும். "நீ என்ன செய்தாய்? மீட்க முடியுமா?" என்று ஏஜென்டிடம் கேட்டு அந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது நடந்ததைப் பற்றி எழுதும் விளக்கமும் ஊகமாக இருக்கலாம். லெம்கினுக்கு மீட்க முடியாது என்று சொன்னதும் அப்படித்தான். செயல்களின் பதிவேடு, ஃபைலின் பழைய பதிப்புகள், பேக்கப் இவற்றை நேரே திறந்து பாருங்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பணம் போயிருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல், ஏஜென்டை நிறுத்திய கையோடு பேங்க்குக்கும் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கி வைக்க அந்த முதல் சில மணி நேரத்தில்தான் வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், பேங்க் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யும்போதும் இவற்றையே கேட்பார்கள்.